ஏரிக்குள் விழுந்த விமானமும் அத்தையின் கூவலும்

போன வாரம் நம் வயசுக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்ததே, நினைவிருக்கிறதா? ஏதோ ஒரு தேசத்தில் சின்ன விமானம் ஒன்று, வேடிக்கை பார்க்கிற கூட்டத்தின் தலைக்கு மேலே குட்டிக்கரணம் போட்டுக் காட்டுகிறது. ஒரு கரணத்தில் நிமிர முடியாமல் அப்படியே தரையில் மோதுகிறது. நீங்கள் எல்லோரும் வரிசையாகக் கைகூப்புகிற பொம்மை போட்டீர்கள். என்னிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை என்று நம் ரிட்டயர்டு டீச்சர் தனியாகப் போன் செய்து, "உனக்கென்ன மனசு கல்லாப் போச்சா?" என்று கேட்டார்.

கல்லெல்லாம் இல்லை டீச்சர். அந்த விமானம் மூக்கைக் கவிழ்த்ததுமே என் வாயிலிருந்து ஒரு கூவல் தானாகக் கிளம்பிவிட்டது. பக்கத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மருமகள் பேரனை வாரிக்கொண்டு சோபாமேல் ஏறிவிட்டாள். "என்னங்கத்தை, பாம்புங்களா?" என்று அங்கிருந்துதான் கேட்டாள். முதலில் ஏறினாள், பிறகுதான் கேட்டாள் பாருங்கள். அவள் எங்கள் ஊர்ப் பெண்கூட இல்லை. அந்தக் கூவல் அப்படிப்பட்டது. எல்லோருக்கும் பொதுவாகவே சொல்லிவிடுகிறேன், கேளுங்கள்.

எங்கள் ஊர் மொரப்பூருக்கும் கடத்தூருக்கும் நடுவில். பஸ் நின்றால் உண்டு, நிற்காவிட்டால் அடுத்த ஊரில் இறங்கி நடக்க வேண்டியதுதான். ஏரி என்று ஒன்று இருந்தது. நல்ல மழை பெய்த வருஷத்தில் மதகோரம் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். மற்றபடி அது ஆடு மேய்கிற இடம். பொங்கல் கழிந்ததும் எருதாட்டம் அந்த ஏரிக்குள்தான் நடக்கும். காளைக்கு இரண்டு பக்கமும் நீள வடம் கட்டி, ஆண்கள் இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். முன்னால் ஒருவர் துணிப் பொம்மையை ஆட்டிச் சீண்டுவார். வடம் கைநழுவினாலோ அறுந்தாலோ, பிடித்திருப்பவர்களில் ஒருவர் அடிவயிற்றிலிருந்து கூவுவார்:

"கரையோ... கரை!"

அது காதில் விழுந்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது. என்ன, ஏது என்று கேட்கக் கூடாது. கைக்கு எட்டுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைமேல் ஏறிவிட வேண்டும். தன் பிள்ளையைத் தேடக் கூடாது. யார் பிள்ளை என்று பார்க்கிற வேலையெல்லாம் கரைக்குப் போன பிறகுதான். நாங்கள் பள்ளிக்கூடத்து இடைவேளையில்கூட இதை விளையாடுவோம். ஒருத்தி கூவுவாள், மற்றவர்கள் கிடைத்த சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறுவோம். சின்னப் பிள்ளைகளும் சும்மா சொல்லக் கூடாது, தூக்க வாகாகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

எல்லோரும் ஓடலாம், ஆனால் கூவுகிற உரிமை வடம் பிடிக்கிற ஆண்களுக்கு மட்டும்தான். இதில்தான் என் அத்தை மாட்டிக்கொண்டாள்.

அத்தை என் அப்பாவின் அக்கா. உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். மெல்லப் பேசவே வராது. "எங்கக்கா ரகசியம் பேசுனா மொரப்பூர்ல ரயிலு நிக்கும்" என்பார் அப்பா. அத்தை அதற்கும் சத்தமாகத்தான் சிரிப்பாள். நான் சொல்கிற அந்த வருஷத்து எருதாட்டத்தில், ஊர்க்கவுண்டரின் காளை இறங்கியிருந்தது. ஊர் வழக்குகளைத் தீர்க்கிறவரும் அவர்தான், ஊரிலேயே பெரிய காளைக்கு உடையவரும் அவர்தான். வடத்தில் ஓரிடம் நைந்து நார்நாராகத் தொங்குவது அத்தையின் கண்ணில் பட்டிருக்கிறது. பக்கத்தில் நின்றவர்களிடம் காட்டியிருக்கிறாள். "சும்மா இரு, பொம்பளைக்கு என்ன தெரியும்" என்றிருக்கிறார்கள். காளை ஒரு துள்ளு துள்ளியதும் கூவிவிட்டாள்.

ஊரே கரையேறிவிட்டது. வடமோ அறுபடவில்லை. திடீரென்று ஆளில்லாமல் போன ஏரியைப் பார்த்து மிரண்ட காளை, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, நடுவில் சாவகாசமாகப் படுத்து அசைபோடத் தொடங்கியது. பக்கத்து ஊர்க்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஏனுங் கவுண்டரே, பாய் போட்டுக் குடுங்க, தூங்கட்டும்" என்று ஒருவர் சொன்ன வார்த்தை கடத்தூர்ச் சந்தைவரைக்கும் போனது.

அன்று சாயங்காலமே மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். அத்தை மகளுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஊர்க்கவுண்டரின் தங்கை மகன். அதை வைத்தே அவர் முடிச்சுப் போட்டார். "இன்னொருக்கா அந்தக் கூவல் உன் வாயில இருந்து வந்துது, கல்யாணத்த மறந்துடு தாயி. எந்தங்கச்சி வூட்டு வாசப்படிய உம்பொண்ணு மிதிக்க முடியாது."

அத்தை வாயைத் திறப்பதற்குள் மாமா தலையாட்டிவிட்டார். "சரிங்க. நான் பாத்துக்கறேனுங்க" என்றார். அதோடு அத்தையின் சத்தம் போயிற்று. கோழியை விரட்டக்கூடக் கையை மட்டும் வீசுவாள். வீடே நோயாளி வீடு மாதிரி இருந்தது. எங்களுக்கெல்லாம் அத்தைமேல் கொஞ்சம் வெட்கம்தான். பெரியவர்கள் சொன்னதைத்தானே பிள்ளைகளும் நம்பும்? அதே வடத்தை மறுமாசம் ஊர்க்கவுண்டர் தன் கிணற்றுக்குக் கட்டினார். அது அறுந்து பித்தளை அண்டா கிணற்றுக்குள் போனது. அதற்கு யாரும் கோயில் முன்னால் கூட்டம் போடவில்லை என்பது இப்போது எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது.

சித்திரை வெயில் ஏறியபோது ஜீப் ஒன்று மைக் கட்டிக்கொண்டு வந்தது. கடத்தூரில் புது ஜவுளிக்கடை திறக்கிறார்களாம். அதற்கு விளம்பரமாக எங்கள் ஏரிக்கு மேலே விமானம் வந்து வேடிக்கை காட்டுமாம். அதிலிருந்து துண்டுச் சீட்டு கொட்டுமாம். வெள்ளைச் சீட்டுகளுக்கு நடுவில் மஞ்சள் சீட்டு சிலது இருக்கும். மஞ்சள் கிடைத்தவருக்குப் பட்டுப்புடவை. "அனைவரும் ஏரிக்குள் வந்து அமருங்கள்" என்று மைக் சொன்னது. கல்யாணப் பெண் வீட்டில் இருக்கும்போது பட்டுப்புடவை என்றால் சும்மாவா? எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கனவிலும் மஞ்சள் சீட்டுதான் வந்தது.

முந்தின நாள், இடம் பார்க்க விமானி ஜீப்பில் வந்தார். ஜீப்பை அத்தை வீட்டுப் புங்கமரத்து நிழலில்தான் நிறுத்தினார்கள். நாங்கள் விமானி என்றால் ஆறடி ஆளாக இருப்பார் என்று நினைத்திருந்தோம். வந்தவர் ஒல்லியாக, சிரித்த முகமாக, எங்கள் சித்தப்பா வயதில் இருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டிவிட்டார். அதன் வழியாகப் பார்த்தால் வெயிலே இல்லாத ஊர் தெரிந்தது. அந்தக் கண்ணாடியின் கால்கள் காதுக்குப் பின்னால் சூடாக இருந்தது இன்றும் தோலில் இருக்கிறது.

பெங்களூர்ப் பக்கத்து ஆள். கன்னடம் கலந்த தமிழ். அத்தை களியும் கீரைக் கடைசலும் வைத்தாள். களியைக் கிள்ளி வாயில் போட்டவர் மென்றுகொண்டே இருந்தார்.

"அய்ய, அத மெல்லக் கூடாதுங்க சாமி. அப்பிடியே முழுங்கணும்" என்றாள் அத்தை. கூட்டம் போட்ட நாளுக்குப் பிறகு அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியது அன்றுதான்.

"முழுங்கினா தொண்டையிலே நிக்குமே அக்கா!"

"அவ்ளோ ஒசரத்துல பறக்கறீங்க, ஒரு உருண்டைக்குப் பயந்துக்கறீங்களே!"

அவர் சிரித்துப் புரையேறி, அத்தை அவர் தலையில் தட்டி, மாமா மோர் எடுத்து வர ஓடி, ஒரே கலகலப்பு. பிறகு அத்தை கேட்டாள். "பயமா இருக்காதுங்களா?"

"கீழே இருக்கிறவங்க சிரிச்சா பல்லு தெரியணும் அக்கா. அந்தளவுக்கு இறங்குவேன். அப்பத்தானே அவங்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்."

"எங்க பல்லுல என்னங்க இருக்குது, வெத்தலைக் கறை. கொஞ்சம் மேலயே பறங்க."

"சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருங்க. கூடலாம், குறையலாம். சத்தம் இருக்கிறவரைக்கும் நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம்."

"நின்னு போச்சுன்னா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "அப்ப எனக்கு இறங்க ஒரு இடம் வேணும். அவ்வளவுதான்."

மறுநாள் காலையில் ஏரிக்குள் திருவிழா. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்துவிட்டார்கள். ஐஸ்காரர், பலூன்காரர், முறுக்குக் கூடை எல்லாம் உண்டு. பெண்கள் துண்டு விரித்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ஒரு பக்கம், நான் கூட்டாளிகளோடு ஒரு பக்கம். அத்தையும் மாமாவும் ஊர்க்கவுண்டர் போட்டிருந்த கயிற்றுக் கட்டிலுக்குச் சற்றுத் தள்ளி.

முதலில் சத்தம் வந்தது, பிறகு விமானம் வந்தது. வெள்ளை உடம்பில் சிவப்புக் கோடு. தலைக்கு மேலே வந்தபோது என் நெஞ்சுக்குள் உலக்கை இடித்த மாதிரி இருந்தது. ஒரு முறை சுற்றி, சீட்டுகளைக் கொட்டினார். வானம் முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சுழன்று வந்தது. எங்கோ ஒன்றிரண்டு மஞ்சள். ஊர் முழுக்க அண்ணாந்து, கைநீட்டி, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, பாவாடை கிழிந்து, அடடா! அச்சு மையின் வாசனை. எனக்கு ஒரு மஞ்சள் சீட்டு கிடைத்தது. சத்தியமாகக் கிடைத்தது. உள்ளங்கையில் மடித்து வைத்துக்கொண்டேன்.

பிறகு வேடிக்கை. விமானம் படுத்தபடி பறந்தது. மல்லாந்து பறந்தது. செங்குத்தாக ஏறி, உச்சியில் சத்தம் அடங்கி, ஒரு கணம் வானத்தில் ஆணியடித்த மாதிரி நின்றது. நான் அத்தையைப் பார்த்தேன். அவள் எழுந்து நின்று வாயைத் திறந்துவிட்டாள். மாமா பாய்ந்து உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினார். "வேண்டாம் புள்ளே! பொண்ணு கல்யாணம்!" என்றார். அதற்குள் சத்தம் திரும்ப வந்துவிட்டது. விமானம் வளைந்து இறங்கியது. ஊர் துண்டை வீசி விசிலடித்தது. எருதாட்டத்தில் காளைக்கு உற்சாகம் ஏற்ற எப்படித் துண்டு வீசுவோமோ அப்படி. வீச வீச அவர் இன்னும் கீழே இறங்கினார். உண்மையாகவே அவர் பல் தெரிந்தது. எங்கள் பல்லும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஊர்க்கவுண்டர் கட்டிலில் இருந்தபடியே, "என்ன தாயி, இன்னிக்கும் எங்கள ஓட வுடலாம்னு பாத்தியா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தை உட்கார்ந்துவிட்டாள்.

விமானம் மறுபடி ஏறியது. இந்த முறை அவ்வளவு உயரம் போகவில்லை. பாதியிலேயே சத்தம் இருமியது. இருமி, விட்டு, இருமி, நின்றது. ஊர் விசிலடித்தது. முன்னைவிட நல்ல வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். சத்தமில்லாத விமானம் எங்களுக்கு மேலே மெல்லத் திரும்பியது. ஒரு பக்கம் தென்னந்தோப்பு. ஒரு பக்கம் வீடுகள். நடுவில் ஏரி. ஏரி முழுக்க நாங்கள்.

மாமாவின் கை மறுபடி வந்தது. அத்தை அதைக் கடித்தாள். கடைசிவரை அந்தத் தழும்பு மாமாவின் உள்ளங்கையில் இருந்தது. கேட்பவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டுவார்.

"கரையோ... கரை!"

இத்தனை நாள் பூட்டி வைத்த குரல் அவ்வளவும் அதில் வந்தது. "கரையோ... கரை!"

யாரும் மேலே பார்க்கவில்லை. யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் எழுந்த வேகத்தில் வெளியூர்க்காரர்களும் எழுந்தார்கள். ஐஸ்காரர் பெட்டியை விட்டுவிட்டு இரண்டு பிள்ளைகளைத் தூக்கினார். ஊர்க்கவுண்டர் கட்டிலை உதைத்துத் தள்ளிவிட்டு, யாரோ ஒரு கைக்குழந்தையைத் தலைக்கு மேலே பிடித்தபடி ஓடினார். என் இடுப்பில் ஒரு கை விழுந்தது. தரை கீழே போனது. நான் யார் தோளிலோ தொங்கிக்கொண்டு, கண்ணெதிரே ஏரி காலியாவதைப் பார்த்தேன். துண்டுகள், செருப்புகள், முறுக்குக் கூடை, வெள்ளைச் சீட்டுகள். அவற்றுக்கு நடுவே ஒரு ஆள்கூட இல்லை.

அந்த விமானம் வீடுகளின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஏரி காலியானதும் இறக்கையைச் சாய்த்து ஏரிப் பக்கம் திரும்பியது. பார்த்துத்தான் திருப்பினார் என்று அப்பா கடைசிவரை சொல்வார். அதுவாகத் திரும்பியது என்று சொன்னவர்களும் உண்டு. நான் அப்பா கட்சி. இறங்க ஒரு இடம் வேண்டும் என்று கேட்டார், கிடைத்தது, வந்தார். நாங்கள் உட்கார்ந்திருந்த அதே இடத்துக்கு வந்தார். சக்கரம் தரையைத் தொடப்போகிற நேரத்தில் ஒரு இறக்கை வேலமரத்தில் தட்டியது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. தூக்கியிருந்தவர் என் முகத்தைத் தன் கழுத்துக்குள் அழுத்திக்கொண்டார். சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பெட்ரோல் எரிகிற வாசனை.

ஆண்கள் கீழே ஓடினார்கள். அத்தையும் ஓடினாள். விமானியின் உடம்பில் உயிர் இல்லை. ஊர்க்கவுண்டர் யாருக்காகவும் அவிழ்க்காத தலைத்துண்டை அவிழ்த்து, அந்த முகத்தை மூடினார்.

கரைமேல் பிள்ளைகளைத் தேடுகிற வேலை தொடங்கியது. "இது யாரு வூட்டுது?" "எம்பையன் எங்க?" "இந்தா, உன் பையன் என் சீலையெல்லாம் நனைச்சுட்டான்!" என்று அழுகையும் சிரிப்புமாக ஒரே இரைச்சல். அப்போதுதான் என்னைத் தூக்கியவர் முகத்தைப் பார்த்தேன். எதிர் வீட்டுக்காரம்மா. வேலித் தகராறில் எங்கள் வீட்டோடு வருஷக்கணக்காகப் பேச்சில்லாதவர். என்னை அம்மாவிடம் நீட்டி, "புடி உம்பொண்ண. கல்லுக் கணக்கா கனக்கறா. என்னத்தப் போட்டு வளக்கற?" என்றார். அம்மா என்னை வாங்காமல் முதலில் அவரைக் கட்டிக்கொண்டாள். வேலி என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடைசியில் எல்லாப் பிள்ளையும் வந்து சேர்ந்தது. எல்லாக் கிழவரும் வந்து சேர்ந்தார். அந்தக் கூட்டத்தில் கால் சுளுக்கியவர் உண்டு, சிராய்த்துக்கொண்டவர் உண்டு. ஒரு உயிர் குறையவில்லை. என் உள்ளங்கையில் மஞ்சள் சீட்டு மட்டும் இல்லை.

ஏரிக்குள்ளிருந்து ஊர்க்கவுண்டர் ஏறி வந்தார், பின்னால் அத்தை. எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். கல்யாணத்தைத்தான் நினைத்தோம். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "கல்யாணம் வைகாசியிலயே நடக்கும். மேளம் எஞ்செலவு." கொஞ்சம் நிறுத்தி, "தைக்கு வடத்துக்கிட்ட நீயும் வந்து நில்லு தாயி" என்றார்.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அதுக்கு முன்னாடி புது வடம் வாங்குங்கண்ணா" என்றாள். அந்தத் துக்கத்திலும் கரை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. மாமாதான் கடிபட்ட கையை உதறிக்கொண்டே முதலில் சிரித்தார்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு டாக்ஸி வந்தது. அதிலிருந்து நரைத்த தலையோடு ஒரு அம்மா இறங்கினார். விமானியின் அம்மா. ஏரிக்குள் இறங்கி, மண் கருகியிருந்த இடத்தில் போய் நின்றார். ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்து அத்தை என்னை அனுப்பினாள், பின்னாலேயே அவளும் வந்தாள். அந்த அம்மா தண்ணீரை வாங்கவில்லை. அத்தையைப் பார்த்துக் கைகூப்பினார். மன்னிப்புக் கேட்கிற கைகூப்பல்.

"எஷ்டு ஜனா?" என்று கேட்டார். எத்தனை பேர் என்கிறார். "ஜாஸ்தி பேர்ன்னு சொன்னாங்க. குழந்தைங்களும்ன்னு சொன்னாங்க. என் பையன் கூட எத்தனை பேர் போனாங்க அம்மா?"

பெங்களூர்வரைக்கும் போய்ச் சேர்ந்த வதந்தி அப்படி. அந்தத் தாய் பிள்ளையை இழந்த துக்கத்தோடு, அந்தப் பழியையும் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார்.

"ஒப்பரும் இல்லம்மா. ஒருத்தரும் இல்ல" என்றாள் அத்தை. ஹொகேனக்கல் பக்கம் கற்றுக்கொண்ட அரைகுறைக் கன்னடம். அந்த அம்மா நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையை அசைத்தார். அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு விறுவிறுவென்று கரைமேல் ஏறினாள். ஊரைப் பார்த்துத் திரும்பினாள்.

"கரையோ... கரை!"

பந்தல் போட்டவர்கள் கம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். வயலிலிருந்து, கிணற்றடியிலிருந்து, அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்கள். மாவுக் கையோடு என் அம்மா. மஞ்சள் பூசிய முகத்தோடு கல்யாணப் பெண். விளையாட்டை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகள் மொத்தமும். யார் யார் பிள்ளையையோ தூக்கிக்கொண்டு ஊர் முழுக்கக் கரைமேல் ஏறி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வரிசையாக நின்றது.

எனக்கும் கால் பரபரத்தது. கூவல் கேட்டால் நிற்கத் தெரியாதே! கைக்கு எட்டியவரைத் தூக்க வேண்டும். எனக்கு எட்டியது அந்த அம்மாதான். சொம்பை எறிந்துவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவரும் வந்தார். புடவை தடுக்கத் தடுக்க, என் பின்னாலேயே கரையேறி வந்தார்.

"பாத்துக்கோங்கம்மா" என்றாள் அத்தை, மூச்சிரைக்க. "அன்னிக்கு ஏரிக்குள்ள இருந்தது நாங்கதான். எல்லாரும் இருக்கறோம். உங்க புள்ள ஒருத்தரையும் கூட்டிட்டுப் போகல."

அந்த அம்மா வரிசையின் முதலிலிருந்து நடந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கைக்குழந்தைகளின் உச்சியைத் தொட்டார். தன் முன்னால் அவர் வந்தபோது ஊர்க்கவுண்டர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பாதி தூரம் போவதற்குள் அந்த அம்மாவின் முதுகு நிமிர்ந்திருந்தது. மறுமுனைக்குப் போனபோது, வந்தபோது இருந்த கிழவி அவரில்லை. விரல்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மொத்த ஊரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்து, வாய்விட்டுச் சொன்னார்: "நன்ன மக ஒள்ளேவனு." என் மகன் நல்லவன் என்று அர்த்தம்.

ஊரிலிருந்து ஒரு பெரிய 'ஆமாங்க' கிளம்பியது. அவ்வளவு தூரமும் அவர் என் கையை விடவே இல்லை. கரைக்கு வந்த பிறகும், நான் யார் வீட்டுப் பிள்ளை என்று அவர் கேட்கவில்லை.